கணக்கில் வராத நான்கு பையன்கள்

தையல் கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரிஜெக்ட் அக்கா. அது அவள் காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதல் மாதமே தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. தைத்து முடித்த சட்டைகள் குவியல் குவியலாக வந்து விழும் நீள மேஜைக்கு முன்னால், இரண்டு குழல் விளக்குகளின் கீழே, பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். உட்கார்ந்து பார்த்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி. காலரைத் திருப்புவாள், கைக்குள் கைவிட்டுத் தையலை இழுத்துப் பார்ப்பாள், பட்டனைத் திருகுவாள். தப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பேச்சே கிடையாது. ஒருமுறை சூப்பர்வைசர், "இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாதும்மா, விட்டுடு" என்றார். "என் கண்ணுக்குத் தெரியுதே சார்" என்று சொல்லிவிட்டு, ஒட்டிய அம்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் ஒட்டினாள்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளுக்குத்தான் சொந்தப் பிள்ளை விஷயத்தில் ஒன்றும் தெரியாமல் போனது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவன் அவன். நாலு மாதம்வரை கொழுகொழுவென்று இருந்தான். ஐந்தாவது மாதம் வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்தது. மோட்டார் மெக்கானிக்கான அவள் புருஷனுக்கு மூன்று நாளில் விட்டது, அவளுக்கு நாலு நாள் ஆனது. பிள்ளைக்கு மட்டும் விடவேயில்லை. ஆஸ்பத்திரியில், "சாதாரண வைரஸ்தான், எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான்" என்றார்கள். அந்தச் சாதாரண வைரஸ் நுரையீரலில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வாயெல்லாம் பால் ஏடு மாதிரி வெள்ளை படிந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. சேர்த்த அன்று நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல சின்னக் குழந்தைங்க யாராவது இறந்திருக்காங்களா?" என்று கேட்டாள். "அப்படி யாரும் கிடையாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் இவள்தான். தெரிந்து சொன்ன பொய் இல்லை. முப்பத்தாறாவது நாள் பிள்ளை போய்விட்டான். ஏழு மாதம்கூட முழுசாக முடியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆளுக்கு ஆள், "கொடுத்துவச்சது அவ்வளவுதான்" என்றார்கள். ஏழெட்டுப் பேர்வரை பொறுத்துக்கொண்டாள். ஒன்பதாவதாக வந்த புருஷனின் பெரியப்பாவிடம், "குடுத்தது யாரு, வச்சது யாரு? அட்ரஸைக் குடுங்க, நான் போய்க் கேட்டுக்கறேன்" என்றாள். அவர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். மறுவாரமே அவள் மேஜைக்குத் திரும்பிவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். வீட்டில் இருந்தால் தொட்டிலைப் பார்க்க வேண்டும், அது அவளால் முடியவில்லை.

ரெண்டு வருஷம் போனது. அவளுடைய தங்கை கர்ப்பமானாள். ஸ்கேனில் பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, பிறந்தால்தான் பையனா பெண்ணா என்று தெரியும். எட்டாவது மாதம் தங்கையின் மாமியாரிடமிருந்து தகவல் வந்தது. பிரசவம் முடிகிறவரைக்கும் அக்காக்காரி அந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம், பிள்ளையைப் பறிகொடுத்தவள் பார்வை நல்லதில்லை என்று. "என் பார்வைக்குத்தான் கம்பெனில சம்பளமே குடுக்கறாங்க" என்று வீம்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் மனசில் முள் தைத்தது தைத்ததுதான்.

அந்த வாரம்தான் காலர் விவகாரம் வெடித்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தைத்த சட்டைகளில் இடது காலர் முனை கோணலாக இருந்தது. சூப்பர்வைசர் அவளை நிற்கவைத்து நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் கண் கலங்கி நின்றாள். ரிஜெக்ட் அக்கா குவியலைக் கிளறி இன்னும் இரண்டு சட்டைகளை எடுத்தாள். ஒவ்வொரு சட்டையிலும் எந்த மெஷினில் தைத்தது என்று ஒரு சீட்டுத் தொங்கும். மூன்று சீட்டிலும் மூன்று வேறு மெஷின் நம்பர்.

"சார், ஒருத்தி கை கோணல்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். மூணு பேர் கையும் அதே இடத்துல கோணுமா? இது தையல் தப்பு இல்ல, வெட்டுல தப்பு."

வெட்டும் பகுதிக்குள் அவளுக்கு வேலை கிடையாது, போகவும் கூடாது. போனாள். கட்டிங் மாஸ்டர் காச்சுமூச்சென்று கத்திக்கொண்டிருக்கும்போதே, துணி மேல் வைத்து வரைகிற அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அட்டையின் முனை ஓர் அரிசி அளவு தேய்ந்திருந்தது. அந்த அட்டையை வைத்து வெட்டுகிறவரை யார் தைத்தாலும் அப்படித்தான் வரும்.

திரும்பி வந்து அடுத்த சட்டையை எடுத்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. பிள்ளையின் வாயில் படிந்த வெள்ளையை அவள் ஈரத்துணியால் துடைக்கப் போனபோது, கட்டில் காலடியில் நின்றிருந்த அவள் அம்மா, "துடைக்காதடி, ரத்தம் வரும். அது போகாது" என்றாள். நர்ஸ் அதைச் சொன்னது மறுநாள்தான். அம்மா வளர்த்தது இரண்டு பெண்களை. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு வெள்ளை படிந்ததே இல்லை. அப்படியென்றால் அம்மா அதை எங்கே பார்த்தாள்? பதினோரு வருஷத்தில் மேஜையை விட்டுப் பாதியில் கிளம்பியது அன்றைக்கு ஒருநாள்தான்.

அம்மா ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஆள் உள்ளே உட்காரலாம் போன்ற பெரிய பாத்திரத்தைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இந்நேரத்துல?"

"அம்மா, வாயில வெள்ளை படிஞ்சா துடைக்கக் கூடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தேய்க்கிற சத்தம் நின்றது. "யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"ஞாபகம் இல்ல. வந்தது வராததுமா இதென்ன விசாரணை?"

"நான் போக மாட்டேன்மா. நீ சொல்றவரைக்கும் இங்கயேதான் நிப்பேன். எனக்கு நின்னு பழக்கம்."

ஒரு மணி நேரம் நின்றாள். அம்மா மூன்று பாத்திரங்களைத் தேய்த்து முடித்தாள். நாலாவது பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் சொன்னாள். "உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். அஞ்சு மாசம்."

ஒன்று வெளியே வந்ததும் மற்றவையும் வந்தன. அம்மாவின் தம்பி ஒருவன் எட்டு மாதத்தில். அம்மாவின் அக்காவுக்கு, அதாவது இவளுடைய பெரியம்மாவுக்கு, அடுத்தடுத்து இரண்டு பையன்கள், ஒருவன் ஆறு மாதம், ஒருவன் நாலு. எல்லோருக்கும் சளியில் ஆரம்பித்து, வாயில் வெள்ளை படிந்து, மூச்சில் முடிந்திருந்தது. பெண்கள் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. யார் கேட்டாலும் அம்மா, "எனக்கு ரெண்டு பொண்ணுங்க" என்றுதான் சொல்லுவாள். பெரியம்மா, "ஒரே பொண்ணு" என்பாள். ஒரு வயசு முடியாத பையன்கள் அந்தக் குடும்பத்தில் கணக்கிலேயே வரவில்லை.

ரிஜெக்ட் அக்கா பையிலிருந்த பழைய மெஷின் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். யாருடைய பிள்ளை, எத்தனை மாதம், என்ன வந்தது. கடைசியில் தன் பிள்ளையையும் எழுதினாள். ஐந்து பேர்.

அம்மா ஈரக்கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய சொல்லிடாதடி. உன் தங்கச்சி வயித்துல சுமந்துட்டிருக்கா. தெரிஞ்சா அந்த வீட்ல நாளைக்கே மூட்டையைக் கட்டி அனுப்பிடுவாங்க. உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடந்ததே நான் வாயை மூடிட்டு இருந்ததாலதான்."

"வாயை மூடி எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்ச. முப்பத்தாறு நாள் என் புள்ள கட்டில்கிட்ட நின்னப்பவும் அதே வாயை மூடிட்டு நின்னியேம்மா."

"சொன்னா மட்டும் பிழைச்சிருப்பானா? எங்களுக்கு யாரு பிழைச்சா?"

அந்த நிமிஷம் அவள் தன் அம்மாவை வெறுத்தாள். பூசி மெழுகிச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. கையை உதறிவிட்டு வந்துவிட்டாள்.

நேராகப் போனது ஆஸ்பத்திரிக்கு. பிள்ளையைப் பார்த்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருந்தார். தடித்த கண்ணாடி போட்ட பெண், இவளைவிட நாலைந்து வயது சின்னவர். பழைய ஃபைலை எடுக்கவைத்தாள். முதல் பக்கத்தில் அவளுடைய கையெழுத்துக்கு மேலே, 'குடும்பத்தில் யாரும் இல்லை' என்றிருந்தது.

"இதை அடிங்க டாக்டர். நான்தான் சொன்னேன், தப்பாச் சொன்னேன். இப்ப சரியாச் சொல்றேன்" என்று சீட்டை நீட்டினாள்.

டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார். "எல்லாரும் உங்க அம்மா வழி? எல்லாரும் பையன்கள்?" பிறகு ஃபைலைப் புரட்டி ரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். ஆறு தாள்கள். வெள்ளை அணுக்களில் ஒரு வகை, அந்த வயதுக்கு ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியது, ஆறிலும் முந்நூறு நானூறு என்றே இருந்தது. டாக்டர் முகம் வெளுத்துவிட்டது.

வைரஸோடு சண்டை போடுகிற அணுக்கள் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உருவாவதில்லை என்று அவர் விளக்கினார். அந்தக் கோளாறு அம்மா வழியாகத்தான் வரும். சுமக்கிற அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பிறக்கிற பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்துவிடும். மற்றவர்களுக்கு மூன்று நாளில் போகிற வைரஸ், இவர்களைக் கொன்றுவிடும்.

"அன்னைக்கே நாங்க இதைப் பாத்திருக்கணும். காய்ச்சல்ல இந்த எண்ணிக்கை குறையறது சகஜம்னு விட்டுட்டோம்."

"பாத்திருந்தா?"

"நிச்சயமாப் பிழைச்சிருப்பான்னு சொல்ல முடியாது. அப்பவே தொற்று முத்திப்போயிருந்தது. ஆனா ஒரு வழி இருந்திருக்கும்."

அவள் அழவில்லை. அழுதால் நேரமாகும். "என் தங்கச்சிக்கு எட்டு மாசம் டாக்டர். பையனாப் பொறந்தா அவனுக்கு என்ன வழி? அதைச் சொல்லுங்க."

வழி இருந்தது. பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். முடிவு வருகிறவரை ஒரு தும்மல்கூட அண்டாமல் தனியாக வைத்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமியில் செய்கிற சில தடுப்பூசிகளை அவனுக்கு மட்டும் நிறுத்திவைக்க வேண்டும், சுற்றி இருக்கிறவர்கள் தங்கள் ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் இருந்தால், எந்த வைரஸும் தொடுவதற்கு முன்பாக, பொருந்துகிற ஒருவரின் எலும்பு மஜ்ஜையைக் கொடுக்க வேண்டும். அப்படி முந்திக்கொண்டால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள். முந்திக்கொண்டால், என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

தங்கை இருந்தது ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. படியேறிப் போனவளை மாமியார் வாசலிலேயே மறித்தார். ஒரு கை இந்தப் பக்கக் கதவிலும் மறு கை அந்தப் பக்கச் சுவரிலும்.

"சொல்லி அனுப்பினேனே, காதுல விழலையா?"

"விழுந்தது அத்தை. உள்ள விட வேணாம். நான் இங்கயே நின்னு சொல்லிட்டுப் போறேன்."

குரலை உயர்த்தினாள். ஆயிரம் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. அம்மாவின் முதல் பிள்ளை, அம்மாவின் தம்பி, பெரியம்மாவின் இரண்டு பையன்கள், தன் பிள்ளை என்று ஒவ்வொருவராக, மாதக் கணக்கோடு, எந்த நோயில் போனார்கள் என்பதோடு, படிக்கட்டில் நின்று சொன்னாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேல்மாடியில் கைப்பிடி வழியாக நாலு தலைகள் எட்டிப் பார்த்தன. அம்மா நாற்பது வருஷம் கட்டிக்காத்த ரகசியம் ஐந்தே நிமிஷத்தில் நாலு மாடிக்கும் தெரிந்துவிட்டது.

மாமியார் ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படிப்பட்ட வம்சத்துலயா போய்ப் பொண்ணு எடுத்தோம்! மறைச்சு ஏமாத்திட்டீங்களே!"

"ஆமா, மறைச்சாங்க. அதுக்கு எங்க அம்மாவை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, நானும் கூட வந்து திட்டறேன். ஆனா இப்ப உள்ள இருக்கறது உங்க பேரப்புள்ள. பையனா இருந்து, நம்ம சும்மா இருந்தா, என் புள்ள போன மாதிரிப் போயிடுவான். என்னைப் பாக்காதீங்க அத்தை, நான் சொல்றதைப் பாருங்க."

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். முகம் பேயறைந்தது போல இருந்தது. அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். அம்மா பேச்சை இதுவரை தட்டாதவன், சட்டைப் பையில் டெஸ்டரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தான். "அக்கா, அந்தச் சீட்டைக் குடுங்க" என்றான். படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, ஒரு வீட்ல ஒரு பல்பு போச்சுன்னா பல்பை மாத்துவேன். அஞ்சு பல்பும் போச்சுன்னா பல்பைக் குத்தம் சொல்ல மாட்டேன், லைனைப் பாப்பேன். இவங்க லைனைப் பாக்கச் சொல்றாங்க. வழியை விடு."

கல்யாணத்துக்குப் பிறகு அவன் அம்மாவை எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. மாமியாரின் கை தானாகக் கதவிலிருந்து இறங்கியது. தங்கை, "நான் பொறந்த வீட்டுக்கும் போகல, எங்கயும் போகல. அந்த டாக்டர்கிட்ட எப்பப் போகணும், அதை மட்டும் சொல்லுக்கா" என்றாள்.

பையன்தான் பிறந்தான். தொப்புள்கொடி ரத்தம் சின்னக் குழாயில் போனது. ஐந்தாம் நாள் கண்ணாடி டாக்டர் முடிவைக் கொண்டுவந்தார். இருக்க வேண்டிய அணுக்கள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தங்கை ஓவென்று அழுதாள். ரிஜெக்ட் அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இப்ப அழாதே. எனக்குத் தெரிஞ்சப்போ அவன் இல்ல. உனக்குத் தெரியறப்போ இவன் இருக்கான். எந்திரி, கையைக் கழுவு."

தனியறைக் கதவில் அவளே காவல் நின்றாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. தும்மினவர்கள், தொண்டை கரகரத்தவர்கள், "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறோம்" என்று வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ரிஜெக்ட். மாமியாரையே மூன்று முறை திருப்பி அனுப்பினாள், நகத்தில் அழுக்கு என்று. முதல் வாரம் அவர் இவளைக் கரித்துக்கொட்டினார். இரண்டாவது வாரம் அவரே ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, தன் சொந்தத் தம்பியை மூக்கை உறிஞ்சினதற்காக மாடிப்படிவரை விரட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது மாதம் அப்பாவின் மஜ்ஜையை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். எலக்ட்ரீஷியனுக்கு ஊசி என்றாலே பயம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தான். அதற்குப் பிறகு கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஏழு வாரம். நடுவில் ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியபோது ரிஜெக்ட் அக்கா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, "இவனை விட மாட்டேன், இவனை மட்டும் விடவே மாட்டேன்" என்று முணுமுணுத்தபடி நின்றாள். அது மூன்றாம் நாள் இறங்கியது. அந்த ஏழு வாரமும் அவளுக்குச் சந்தோஷம் மட்டும் இருந்தது என்று சொன்னால் பொய். இவனுக்குக் கிடைத்த வழி என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. எரிந்தாலும் காவலை விடவில்லை. ஏழாவது வாரம் அவன் ரத்தத்தில் அந்த அணுக்கள் நூற்றுக்கணக்கில் வந்தன, அடுத்த சில மாதங்களில் ஆயிரத்தைத் தாண்டின.

இப்போது பையனுக்கு ஒன்றரை வயது. கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போடுகிறான், நடக்கச் சொன்னால் ஓடுகிறான். மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். போன வாரம் தங்கைக்கு முடியவில்லை என்று ரிஜெக்ட் அக்காவும் அவள் அம்மாவும் கூட்டிப்போனார்கள். அம்மாவோடு அவள் இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. ஆனாலும் சேர்ந்து போவார்கள், பேசிக்கொள்வார்கள்.

எதிர் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் நாலைந்து மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். நீலத் துணியில் சுற்றிய பையன். மூச்சு வாங்கியது, இருமல் இழுத்தது. பக்கத்தில் அவளுடைய அம்மாவாக இருக்க வேண்டும், முகத்தில் அதே ஜாடை. நர்ஸ் படிவத்தோடு வந்து கேட்டாள். "உங்க குடும்பத்துல சின்னக் குழந்தைங்க யாராவது இறந்திருக்காங்களா?"

"அப்படி யாரும் இல்லங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் சந்தேகமே இல்லை.

ரிஜெக்ட் அக்கா அவளைப் பார்க்கவில்லை, பக்கத்திலிருந்த பெரியவளைப் பார்த்தாள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, புடவைத் தலைப்பை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, அதை எழுதாதீங்க. கொஞ்சம் பொறுங்க" என்று பையனோடு எழுந்தாள்.

"நீங்க யாரு? உங்க முறை இன்னும் வரல, உக்காருங்க."

"உக்காரத்தான் போறேன்."

பையனைத் தன் அம்மா மடியில் போட்டாள். சின்னப் பெண் முறைத்தாள். நர்ஸ், "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினாள். எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் எதிர் பெஞ்சுக்குப் போய், அந்தப் பெரியவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா" என்றாள். "எத்தனை பேர்?"